ஆடி மாதத்தில் ஒரு கோடை விழா

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். சிலருக்கு வியர்க்கும். எனக்குத் திட்டம் வரும்.

நான் வேலை பார்க்கும் மஸ்கட்டுக்கு ஸ்டெல்லா போன் செய்து, "அண்ணா, அவருக்குத் தேதி குறிச்சிட்டாங்க. குரல்வளையை மொத்தமா எடுத்துடுவாங்களாம். அப்புறம் பேச்சு இருக்காது. பேசணும்னா இப்பவே வந்துடுங்க" என்றபோது, ஒழுங்கான மனிதனாக இருந்தால் நான் அழுதிருக்க வேண்டும். நான் கையில் கிடைத்த டெலிவரி ரசீதைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் 'தாம்பரம் கோடை இசை விழா' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். பிறகு பக்கத்து மேஜைக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

ஸ்டெல்லா என் நண்பன் கில்பர்ட்டின் மனைவி. கில்பர்ட் சேலையூரில் கேம்ப் ரோடுக்குப் பின்னால் ஒரு தெருவில் பிசிக்ஸ் டியூஷன் எடுப்பவன். என் கணக்கில், பரங்கிமலைக்குத் தெற்கே இருக்கும் ஒரே இண்டி ராக் பாடகனும் அவன்தான். இண்டி என்றால் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. கம்பெனி கிடையாது, ஸ்டூடியோ கிடையாது. சொந்த அறை, சொந்த கிடார், சொந்தத் தப்பு. 'மூன்றாவது நடைமேடை' என்று ஒரு ஆல்பத்தை அவன் டியூஷன் அறையிலேயே ஜன்னலைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தான். அட்டையில் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் கழற்றி விட்ட ஒரு ஜோடி செருப்பு. கம்ப்யூட்டரில் சிடி போட்டு, தெரிந்தவர்களுக்குக் கொடுத்தான். தெரிந்தவர்கள் அதைத் தெரியாதவர்கள் போல வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான்காவது பாட்டின் நடுவில் ஒரு குக்கர் விசில் வரும். முதல் தடவை சிரித்தேன். இப்போது அந்த விசில் வரும்வரை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். வந்ததும் எனக்குள் ஏதோ இறங்குகிறது. அது துவரம்பருப்பு என்று ஸ்டெல்லா சொல்லியிருக்கிறாள். அந்தத் தகவலும் சேர்ந்துதான் அந்தப் பாட்டு.

ஆல்பத்தில் ஒரு குறை, பெயர்ப் பாட்டு அதில் இல்லை. அட்டையில் தலைப்பு இருக்கிறது, உள்ளே பாட்டு இல்லை. கடைசியாகப் பதிவு செய்யலாம் என்று வைத்திருந்தான். அப்போதுதான் தொண்டை கட்டியது. சளி என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே பல மாதம் ஓட்டினான்.

கோடை விழா எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் கம்பெனி என்னைப் பயிற்சிக்கு இங்கிலாந்து அனுப்பியது. ஏர்கண்டிஷனர் கம்ப்ரஸர் பற்றி, அந்தக் குளிரில். அங்கே டேவிட் என்று ஒரு சக ஊழியர், ஜூலை மாதம் என்னை ஒரு இசை விழாவுக்குக் கூட்டிப்போனார். நவம்பர் மழையில் பள்ளிக்கரணைச் சாலை எப்படி இருக்குமோ அப்படி ஒரு சேறு. அதில் பணம் கட்டி, முழங்கால் வரை இறங்கி நின்றார்கள் படித்த மனிதர்கள். மேடையில் நாலு ஒல்லிப் பையன்கள் தரையைப் பார்த்துக்கொண்டே பாடினார்கள். பக்கத்தில் வாழைப்பழ வேஷம் போட்ட ஒருவன் அழுதான். "ஏன் அழுகிறான்?" என்று கேட்டேன். "இந்த ஆல்பம் அவனுக்குப் பிடிக்கும்" என்றார் டேவிட். அன்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. எனக்கும் ஒரு ஆல்பம் பிடிக்கும். எனக்கும் ஒரு சேறு கிடைக்கும்.

சொந்த ஊருக்குப் போனதைப் பயணக் கட்டுரையாக எழுதலாமா என்று கேட்பீர்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிறார்கள். ஆட்டோக்காரர் என் பெட்டியைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறுகிறார். தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. வெளிநாடு என்பதற்கு வேறென்ன வேண்டும்?

சேலையூர் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். கில்பர்ட் டியூஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டான், எதிர் பெஞ்சைக் காட்டினான், புன்னகைத்தான். பேசவில்லை.

நான், "எப்படிடா இருக்க?" என்றேன். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். தாமதமாக வந்துவிட்டேன், குரல் போய்விட்டது, என் விமானம் தரையிறங்குவதற்குள் கடைசி வார்த்தையை இவன் பால்காரரிடம் பேசிவிட்டான். அவ்வளவுதான் தோன்றியது. பயத்தில் நான் பேச ஆரம்பித்தேன். மஸ்கட்டில் வெயில், என் எடை, என் மகள் எடுத்த மார்க், பேரீச்சம்பழத்தில் உள்ள வகைகள். எதிரில் இருப்பவனின் பங்கையும் சேர்த்து நானே பேசினேன். பேச்சு தீர்ந்ததும் பெட்டியைத் திறந்து, விமான நிலையத்தில் வாங்கிய பெரிய தகர டப்பாவை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"தொண்டைக்கு நல்லதாம். இங்கிலாந்து மிட்டாய்."

சுவர்க் கடிகாரத்தில் ஏழு அடித்தது. கில்பர்ட் வாயைத் திறந்தான்.

"டேய், எனக்குத் தொண்டையில கேன்சர்டா. நீ மிட்டாய் வாங்கிட்டு வந்திருக்க."

தேங்காய் துருவுகிற சத்தம் போல இருந்தது குரல். எனக்கு அது போதுமானதாக இருந்தது. பெஞ்சில் அப்படியே சாய்ந்தேன். பெஞ்சுக்கு முதுகு கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

என்னைத் தூக்கிவிட்டபடி விளக்கினான். தினம் ஆறிலிருந்து ஏழு வரை பேசாமல் இருந்து பழகுகிறானாம். திடீரென்று ஒரு நாளில் மௌனமாவது சிரமம், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. அந்த ஒரு மணி நேரம் ஸ்டெல்லாவும் சமையலறையை விட்டு வருவதில்லை. வந்தால் ஏதாவது கேட்டுவிடுவாளாம். "இவ கேள்வி கேக்காம இருக்கறதுக்குத்தான் நிறைய பயிற்சி வேணும்" என்றான். உள்ளே ஒரு பாத்திரம் கொஞ்சம் பலமாக வைக்கப்பட்டது.

இரவுச் சாப்பாடு எனக்கு வஞ்சிரக் குழம்பு. கோவளத்திலிருந்து கூடையோடு வரும் அக்காவிடம் வாங்கியது என்றாள் ஸ்டெல்லா. கில்பர்ட்டுக்குக் குழையப் பிசைந்த ரசம் சாதம். அவன் தன் தட்டைப் பார்க்காமல் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். முள்ளை எடுத்து ஓரத்தில் வைக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் என் திட்டத்தைச் சொன்னேன். திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திறந்தவெளியில் கோடை இசை விழா. ஒரே பாடகன். ஒரே ரசிகன் உறுதி, மற்றவர்களைத் திரட்டலாம்.

ஸ்டெல்லா என்னை ஒருமாதிரி பார்த்தாள். கில்பர்ட் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. சாதத்தைக் கிளறியபடி சொன்னான்.

"இவ்வளவு வருஷமும் ஜன்னலைச் சாத்திக்கிட்டேதான் பாடியிருக்கேன். அந்தப் பெயர்ப் பாட்டை ஒரே ஒரு தடவை வெளியில, மைக்குல, முழுசாப் பாடிடணும். அது போதும். அதுக்கப்புறம் எடுத்துக்கட்டும்."

டாக்டரிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறான். இனி குரலைப் பத்திரப்படுத்தி என்ன செய்யப் போகிறீர்கள், பாடுங்கள் என்றாராம் அவர். நல்ல டாக்டர். பயத்தில் இன்னொரு துண்டு மீன் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை கேம்ப் ரோட்டில் பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டு இடம் தேடிக் கிளம்பினேன். அங்கேயே ஒரு கல்யாண மண்டபம், பின்னால் பெரிய திறந்தவெளி, வேப்பமரங்கள். இங்கிலாந்தில் இப்படி ஒரு இடத்துக்கு ஒரு வருடம் முன்பே சொல்லி வைப்பார்கள். நான் பயந்துகொண்டே மேனேஜரை எழுப்பி, இந்த ஞாயிறு கிடைக்குமா என்றேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

"தாராளமா எடுத்துக்குங்க சார். சனிக்கிழமையும் எடுத்துக்குங்க. திங்கள் கூட எடுத்துக்குங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. தாம்பரம் இவ்வளவு எளிதான ஊரா? மேனேஜர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். வாட்ச்மேனும் என்னை அதிசயமாகப் பார்த்தார். வெளிநாட்டு மனிதர் என்பதால் என்று நினைத்து, கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன். ஊரைச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் வெற்றியை அறிவித்தேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மணி ஆறு அடித்தது. சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

அதற்கடுத்த நாள் சவுண்டு செட். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் முனுசாமி என்பவரின் கடை நல்லது என்றார்கள். ஷட்டர் பாதி திறந்திருந்தது. குனிந்து உள்ளே பார்த்தால் சுவரில் காலி ஆணிகள், தரையில் கொஞ்சம் ஒயர், ஒயரின் மேல் முனுசாமி. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஒரு மைக், கிடாருக்கு ஒரு இணைப்பு வேண்டும் என்றேன்.

"இது இன்னா மாசம் சார்?"

"ஜூலை."

"அது உங்க ஆபீசுக்கு. நம்ம மாசம் சொல்லு."

விரலை மடக்கினேன். சித்திரை, வைகாசி, ஆனி. நாலாவது விரலில் நின்றேன். சுவர் ஆணிகளைப் பார்த்தேன். முனுசாமி தலையாட்டினார்.

"ஆடி மாசம் நாயித்துக்கெழமைக்கு வியாயக்கெழமை வந்து செட்டு கேக்குற மொத ஆளு நீதான் சார். இங்கேர்ந்து பள்ளிக்கரணை தாண்டி எந்தக் கடைக்கு வேணா போ. ஒரு பொட்டி கெடைக்காது. எல்லாம் அம்மன் கோயில் கம்பத்துல கீது."

ஆடியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை. ஆடியில் எல்லா அம்மன் கோயிலிலும் கூழ் ஊற்றுகிறார்கள். மண்டபம் காலியாக இருந்ததற்கும் கடை காலியாக இருந்ததற்கும் ஒரே காரணம். நான் பிறந்து வளர்ந்த தெருவிலேயே ஆடி முழுக்க விடியற்காலையில் ஒலிபெருக்கி கத்தும். அதற்குத்தான் எழுந்து படித்து, அதனால்தான் ஃபெயிலானேன். அதையெல்லாம் மறந்துவிட்டு, சேற்றில் நின்ற வாழைப்பழத்தின் நாட்காட்டியைப் பார்த்து விழா வைத்திருக்கிறேன். நம்மூரில் கோடை சித்திரையிலேயே வந்து போய்விட்டது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் ஏறி மேடவாக்கம் வரை கடை கடையாக இறங்கி ஏறினேன். முனுசாமி சொன்னது பொய்யில்லை. ஒரு கடையில் காதுகுத்துக்குப் போடும் சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. அதுவும் பழுது. திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோவின் பின்சக்கரம் ஒன்று பள்ளத்தில் இறங்கி, பத்துப் பேரும் என் மடியில் வந்தார்கள். மீன்கூடை அக்கா ஒருத்தர், "தம்பி, அழுவுறியா? அடி பட்டுச்சா?" என்று கேட்டார். மீன் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்றேன். அவர் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். அதிலும் மீன் தண்ணீர்தான்.

வீட்டில் ஸ்டெல்லா சொன்னாள். "நேத்தே சொல்ல வந்தேன் அண்ணா. ஆடி மாசம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்."

கில்பர்ட் சிரித்தான். சிரித்து, இருமி, இருமலில் கொஞ்சம் ரத்தம் வந்தது. கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டான். நான் அவனுடைய கிடார் உறையில் இருந்த ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி முனுசாமி கடைக்குப் போனேன். கெஞ்சுவதற்கு. கெஞ்சும்போது விஷயத்தைச் சொல்ல வேண்டி வந்தது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"செட்டு அங்க வராது சார். ஆளு செட்டுகிட்ட வரலாம்ல? நாயித்துக்கெழமை பள்ளிக்கரணைல நான்தான் செட்டு. காலைல பூஜை, மத்தியானம் கூழு. கூழு ஊத்தும்போது கேசட்டுதான் ஓடும். அந்த நேரத்துல பாடட்டும். கமிட்டில ஒரு வார்த்த பேசிக்க."

அன்றைக்கே கில்பர்ட்டை ஸ்டெல்லாவின் ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மஸ்கட்டில் சாலையின் வலதுபக்கம் ஓட்டுவார்கள். நான் அங்கே பழகியவன். இரண்டு இடத்தில் நினைவு வந்து மாறினேன். மூன்றாவது இடத்தில், மேடவாக்கம் திருப்பத்தில், நினைவு வரவில்லை. எதிரே ஒரு பஸ் வந்தது.

"டேய், லெஃப்ட்டுடா!"

கில்பர்ட் கத்தினான். பஸ் தப்பியது. சாலையோரம் நிறுத்தினேன். நான் பயந்தது பஸ்ஸுக்காக இல்லை. அவன் கத்திய அந்தக் கத்தலுக்காக. ஞாயிற்றுக்கிழமைக்காகச் சேர்த்து வைக்க வேண்டிய குரலில் ஒரு பெரிய துண்டை என் டிரைவிங்குக்குச் செலவழித்துவிட்டானே. "பேசாதடா, தலையை மட்டும் ஆட்டு" என்றேன். "ஸ்கூட்டில பின்னாடி உக்காந்து தலையாட்டினா உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கிசுகிசுத்தான். மீதி வழி முழுக்க என் இடது தோளைத் தட்டிக்கொண்டே வந்தான்.

கோயில் சதுப்பு நிலத்தின் விளிம்பில் இருந்தது. கமிட்டிச் செயலாளர் கோதண்டம், தோளில் மஞ்சள் துண்டோடு, விறகு இறக்குவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். முனுசாமி முன்பே சொல்லி வைத்திருந்தார். கோதண்டம் கில்பர்ட்டின் கழுத்தைப் பார்த்தார், கிடாரைப் பார்த்தார், கழுத்தில் இருந்த சிலுவையையும் பார்த்தார்.

"அம்மன் பாட்டு எதுனா தெரியுமா?"

கில்பர்ட்டுக்குத் தெரியாத அம்மன் பாட்டு கிடையாது. ஒவ்வொரு ஆடியிலும் தெருமுனை ஒலிபெருக்கி அவனுக்கும்தானே சொல்லிக்கொடுத்தது. ஒன்றின் முதல் நாலு வரியை முணுமுணுத்தான். கோதண்டம் அடுத்த வரியை எடுத்தார், தப்பாக. கில்பர்ட் திருத்தினான்.

"சரி. மொதல்ல அம்மனுக்கு ஒண்ணு. அப்பால உங்குளுது. ஆனா வரிசை நவுந்துகினே இருக்கணும், நிக்கக் கூடாது. நடுவுல நான் அறிவிப்பு சீட்டு குடுத்தா படிச்சிடணும். மைக்கு ஒண்ணுதான் கீது."

சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. கில்பர்ட் நாள் முழுக்கப் பேசவில்லை, பயிற்சியாக அல்ல, சேமிப்பாக. நாங்கள் மூவரும் சீட்டு விளையாடினோம். பயத்தில் நான் இங்கிலாந்து மிட்டாய் டப்பாவில் பாதியைத் தின்று தீர்த்தேன். என் தொண்டை அபாரமாக இருந்தது.

ஞாயிறு காலை அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு டேவிட்டுக்குப் போன் செய்ய வேண்டும் போலிருந்தது. முந்தைய இரவு மழை. நல்ல கறுப்புச் சேறு. வேப்பிலைத் தோரணம், மஞ்சள் சேலைகள், பெரிய பெரிய அண்டாவில் கேழ்வரகுக் கூழ் கொதிக்கிற மணம், வெங்காயம் நறுக்கிக் கண்ணீர் விடும் இளைஞர்கள், கையில் தூக்குவாளியும் பிளாஸ்டிக் குடமுமாக சாலை வரை நீண்ட வரிசை. பல கம்பங்களுக்குக் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகள் கோயிலில் தொடங்கி சதுப்பின் ஓரமாகவே போய், கண்ணுக்கு எட்டாத இடத்தில் முடிந்தன. இங்கிலாந்தில் இல்லாதது வாழைப்பழ வேஷம் மட்டும்தான். இங்கே வாழைமரமே கட்டியிருந்தார்கள்.

கூழ் முதலில் கில்பர்ட்டுக்குத்தான் கொடுத்தார்கள், பாடுகிறவன் என்று. எனக்கும் ஒரு சொம்பு. அந்த வாரத்தில் நாங்கள் இருவரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டது அப்போதுதான். அவனுக்கு அது வலிக்காமல் இறங்கியது. இன்னொரு சொம்பு கேட்டு வாங்கினான்.

முனுசாமி மைக்கைத் தட்டினார். 'டொக்' என்றது. கொஞ்சம் கழித்து, தூரத்திலிருந்து இன்னொரு 'டொக்.' அதற்கும் பிறகு, சதுப்பின் அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒன்று. நான் பதறிப்போய், ரிப்பேரா என்றேன்.

"ஒன்பதாம் கிளாஸ் பாடம்டா" என்றான் கில்பர்ட். "எல்லாப் பொட்டியும் ஒரே நேரத்துலதான் பாடும். கடைசிக் கம்பத்துலேர்ந்து சத்தம் நடந்து வரணும்ல?"

அதுதான் அன்றைக்கு அவன் என்னிடம் தனியாகப் பேசியது. நான் சட்டைப் பையிலிருந்த சின்ன ரெக்கார்டரை ஓடவிட்டேன். ரசிகனின் கடமை.

அம்மன் பாட்டு நன்றாகப் போனது. கரகரத்த குரல் அதற்குப் பொருந்தியது. வரிசையில் பெண்கள் குலவை போட்டார்கள். ஒரு அம்மா சாமியாடும் நிலைக்கு வந்து, பிடித்து உட்கார வைக்கப்பட்டார். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. கோதண்டம் கட்டைவிரலைக் காட்டினார்.

பிறகு கில்பர்ட் கிடாரின் ஸ்ருதியைச் சரிபார்த்தான். ஸ்டெல்லாவைப் பார்த்தான். அவள் கிடார் உறையை மார்போடு அணைத்தபடி வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். 'மூன்றாவது நடைமேடை'யைத் தொடங்கினான்.

நிற்காமல் போகும் ரயிலுக்காகத் தினமும் வந்து நிற்கும் ஒருவனைப் பற்றிய பாட்டு அது. முதல் பகுதி தணிந்த குரலில், பேசுவது போலப் போகும். அது வந்தது. துருவல் சத்தத்தோடு, ஆனால் வந்தது. பிறகு ரயில் வரும் இடம். அங்கே குரல் ஒரே இழுப்பில் மேலே ஏற வேண்டும். ஏறினான். பாதியில் சத்தம் இல்லை. வாய் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, மைக்கில் காற்று மட்டும் போகிறது. கம்பம் கம்பமாக அந்தக் காற்று இரைந்தது.

கிடாரை மட்டும் கொஞ்சம் வாசித்துவிட்டு, மறுபடி அந்த இடத்துக்கு வந்தான். மறுபடி காற்று.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் கூச்சலிடவில்லை. யாரும் கவனிக்கவே இல்லை என்பதுதான் விஷயம். வரிசை நகர்ந்தது. அகப்பை விழுந்து எழுந்தது. ஒரு தாத்தா கூழில் வெங்காயம் குறைவு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பயத்தில் நான் ஒருவன் மட்டும் கை தட்டினேன். வாழ்க்கையில் தட்டிய மிக மோசமான கைதட்டல். என் கையைக் கொண்டுபோய் அண்டாவில் விட்டுவிடலாம் போலிருந்தது.

கில்பர்ட் கிடாரைக் கீழே வைத்தான். கோதண்டம், பாட்டு முடிந்தது என்று நினைத்து, ஒரு சீட்டைக் கொடுத்தார்.

கில்பர்ட் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவான் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

"கோயில் வாசல்ல சிவப்பு கலர் வண்டி ஒண்ணு வழிய மறிச்சிட்டு நிக்குது. யாருதோ, கொஞ்சம் தள்ளி விடுங்க."

குரல் இருந்தது. தாழ்ந்து பேசினால் இருந்தது. அடுத்த சீட்டு வந்தது. சித்தாலபாக்கத்திலிருந்து வந்த ஜெயலட்சுமியின் நாத்தனார் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் காத்திருக்கிறார். வாசித்தான். பிறகு, சீட்டில் இல்லாததையும் சேர்த்தான். "ஜெயலட்சுமி அக்கா, சீக்கிரம் வாங்க. நாத்தனாரைக் காக்க வைக்காதீங்க, அப்புறம் அவங்க வூட்ல போய்ச் சொல்வாங்க." வரிசையில் பெண்கள் சிரித்தார்கள். ஒரு சாவிக்கொத்து. ஒரு தூக்குவாளி மூடி. மூடி இல்லாத வாளியோடு எப்படி வீட்டுக்குப் போவீர்கள் என்று கேட்டான். முட்டித் தள்ளாமல் நில்லுங்கள், உராய்வு அதிகமானால் சூடாகும் என்றான்.

ஸ்டெல்லா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். "டியூஷன்ல இப்படித்தான் பேசுவார் அண்ணா" என்றாள். எனக்கு முகத்தைக் காட்டவில்லை.

நடுவில் ஒரு முறை கோதண்டம், இன்னொரு பாட்டு பாடுவதானால் பாடுங்கள் என்றார். கில்பர்ட் கிடாரைப் பார்க்கவில்லை. கையை நீட்டினான். அடுத்த சீட்டைக் கேட்டான்.

நான் விமானம் ஏறி வந்தது ஒரு பாட்டுக்காக. ஜன்னலைச் சாத்தாமல், முழுசாக, ஒரு தடவை. அது நடக்கவில்லை. இனி நடக்காது. கையில் ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போன மூடியைப் பற்றிய அறிவிப்பை ஒரு வார்த்தை விடாமல் பதிவு செய்துகொண்டிருந்தேன். நிறுத்தப் பயமாக இருந்தது. எப்போது நிறுத்தினாலும் அதற்கு அடுத்த வார்த்தை போய்விடும்.

அண்டாவைச் சாய்த்துச் சுரண்டும் சத்தம் கேட்டது. கோதண்டம் சீட்டு எழுதவில்லை. கையை மட்டும் விரித்துக் காட்டினார். கில்பர்ட் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"கூழ் முடிஞ்சிடுச்சு. வரிசையில நிக்கிறவங்க இனிமே நிக்க வேணாம். அண்டாவைக் கழுவப் போறாங்க. எல்லாரும் பத்திரமா வூட்டுக்குப் போலாம்."

மைக்கை முனுசாமியிடம் கொடுத்தான். வாயை மூடிக்கொண்டான். ஸ்டெல்லா கிடார் உறையைத் திறந்து பிடித்தாள். அவன் குனிந்து கிடாரை எடுத்தான். 'வூட்டுக்குப் போலாம்' என்றது நடுக் கம்பம். அவன் ஜிப்பை இழுத்தான். சதுப்பின் கடைசியிலிருந்து, தண்ணீர் மேல், மெதுவாக நடந்து வந்தது, 'போலாம்.'

அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் நான் ரெக்கார்டரை நிறுத்தவில்லை.